யாரை உட்கார வைப்பது, எந்த ரயிலைப் பிடிப்பது?
வாசகர் கேள்வி – பதில்: இங்கிலாந்தின் கோப்பை ஆட்டங்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இங்கிலாந்தின் இரண்டு கால்பந்துக் கோப்பைப் போட்டிகளைப் பற்றியவை. ஒன்று 1871–72இல் தொடங்கிய எஃப்.ஏ. கோப்பை. இன்னொன்று 1960–61இல் தொடங்கிய லீக் கோப்பை. முக்கிய ஆட்டக்காரர்களுக்கு ஓய்வு கொடுத்து மற்றவர்களை இறக்கும் ‘ரொட்டேஷன்’ சரியா என்ற வாக்குவாதம் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருப்பது தெரிகிறது. டிக்கெட், ரயில் பற்றியும் நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள்.

ஹாரோவிலிருந்து ஒரு வாசகர்: 2025 பிப்ரவரியில் பிளிமத்திடம் லிவர்பூல் 1–0 என்று தோற்றதை என் தம்பி இன்னும் மன்னிக்கவில்லை. சலாவையும் வான் டைக்கையும் பிளிமத்துக்குக் கூட்டிக்கொண்டே போகாதது திமிர் என்கிறான். லிவர்பூல் மேனேஜர் ஸ்லாட் செய்தது சரி என்பது என் கட்சி. தீர்ப்புச் சொல்லுங்கள்.

முதலில் காலண்டரைப் பாருங்கள். பிப்ரவரி 6, வியாழன் இரவு டாட்டன்ஹாமுடன் லீக் கோப்பை அரையிறுதி. 9ஆம் தேதி, ஞாயிறு பிளிமத். 12ஆம் தேதி, புதன் எவர்ட்டனுடன் பிரீமியர் லீக் ஆட்டம். ஏழு நாளில் மூன்று ஆட்டம். வியாழன் ஆட்டம் முடிந்து ஞாயிறு ஆட்டம் தொடங்க 72 மணி நேரம்கூட இல்லை. ஒரு முழு ஆட்டத்தில் கால் தசைகளில் தீர்ந்துபோகும் கிளைக்கோஜன் என்ற சக்திச் சேமிப்பு பழைய அளவுக்குத் திரும்ப 48 முதல் 72 மணி நேரம் பிடிக்கும். அதற்குள் மறுபடி வேகமாக ஓடச் சொன்னால் முதலில் போவது தொடையின் பின்பக்கத் தசையான ஹாம்ஸ்ட்ரிங். ஐரோப்பியப் பெரிய கிளப்புகளில் நடந்த நீண்டகால ஆய்வில், மொத்தக் காயங்களில் ஹாம்ஸ்ட்ரிங் காயத்தின் பங்கு 2001–02இல் 12 சதவீதமாக இருந்து 2021–22இல் 24 சதவீதமாக ஏறியது. அதனால் ஓய்வு கொடுத்ததைத் திமிர் என்று சொல்ல முடியாது. அந்த அளவில் நீங்கள் சொல்வது சரி.

ஆனால் உங்கள் தம்பி சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. அன்றைக்கு முன்வரிசையில் இறங்கியவர்கள் டியாஸ், ஜோட்டா, கியேசா. மூவரும் அனுபவசாலிகள். கோல் அடிக்க ஆள் இல்லாமல் லிவர்பூல் தோற்கவில்லை. நடுக்களத்தையும் பின்வரிசையையும் ஒரே நாளில் மொத்தமாக மாற்றியதால் அந்த மூவருக்கும் பந்து வந்து சேரவில்லை. 11ஆவது நிமிடத்திலேயே கோமெஸ் காயத்தோடு வெளியேற, பின்வரிசையில் இருந்த கொஞ்ச அனுபவமும் போயிற்று. 53ஆவது நிமிடத்தில் ரயான் ஹார்டி அடித்த பெனால்டிக்குப் பிறகு, இரண்டாம் டிவிஷனான சாம்பியன்ஷிப் பட்டியலில் கடைசி இடத்தில் இருந்த பிளிமத் தன் கோலுக்கு முன்னால் உள்ள பெட்டிக்குள் இறுகி நின்றுவிட்டது. அந்தச் சுவரை உடைக்க, நடுவில் நின்று ஆட்டத்தின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒருவர் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் எல்லோரும் வீட்டில் இருந்தார்கள்.

இன்னொன்றையும் தம்பியிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அந்த ஓய்வு கோப்பைகளைக் காப்பாற்றவில்லை. மார்ச் 11ஆம் தேதி பாரிஸ் செயிண்ட் ஜெர்மனிடம் பெனால்டியில் தோற்று, ஐரோப்பிய கிளப்புகளின் சாம்பியன்ஸ் லீக்கிலிருந்து வெளியேறினார்கள். 16ஆம் தேதி லீக் கோப்பை இறுதியில் நியூகாசிலிடம் 2–1 என்று தோற்றார்கள். லீக் பட்டத்தை மட்டும் ஏப்ரல் 27இல், நான்கு ஆட்டம் மீதமிருக்கும்போதே வென்றார்கள். லீக்தான் முதல் குறி என்று வைத்திருந்தால் கணக்குச் சரி. வெளியூர் ஸ்டாண்டில் உட்கார 450 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வந்த ரசிகருக்கு அந்தக் கணக்கு இனிக்காது என்பதும் சரி.

கோலாலம்பூரிலிருந்து ஒரு வாசகர்: அப்படியானால் எத்தனை பேரை மாற்றலாம்? ஆறு பேருக்கு மேல் மாற்றினால் தோல்வி என்று எங்கள் நண்பர் குழுவில் ஒரு ‘விதி’ வைத்திருக்கிறோம்.

விதியைத் திருத்துங்கள். எட்டுப் பேரை மாற்றியும் ஒழுங்காக ஆடலாம். மூன்றே பேரை மாற்றி அணியைச் சிதைக்கவும் முடியும். எந்தெந்த இடங்களில் மாற்றுகிறார்கள் என்று பாருங்கள்.

மைதானத்தின் நடுவில் செங்குத்தாக ஒரு கோடு இழுத்தால் அதில் கோல்கீப்பர், இரண்டு சென்டர் பேக் (நடுத் தற்காப்பாளர்கள்), அவர்களுக்கு முன்னால் நிற்கும் தற்காப்பு மிட்ஃபீல்டர் என நான்கு பேர் வருவார்கள். ரசிகர்கள் ‘முதுகெலும்பு’ என்று சொல்வது இவர்களைத்தான். ஒரே நாளில் இந்த நால்வரில் இருவருக்கு மேல் மாறினால் பிரச்சினை ஆரம்பிக்கும். எதிராளியை ஆஃப்சைடில் சிக்கவைக்கப் பின்வரிசை சேர்ந்து முன்னே நகர்வது கண் ஜாடையிலும் ஒரு சத்தத்திலும் நடக்கிற வேலை. பழகிய ஜோடி ஒரே நேரத்தில் முன்னே வரும். பழகாத ஜோடியில் ஒருவர் அரை விநாடி தாமதிப்பார். அந்த இடைவெளியில் எதிரணி ஸ்ட்ரைக்கர் ஓடிவிடுவார். நான்காம் டிவிஷன் ஸ்ட்ரைக்கருக்கும் அந்த அரை விநாடி போதும்.

அடுத்தது பக்கவாட்டு ஜோடி. ஒரே பக்கத்தில் ஃபுல் பேக் (ஓரத் தற்காப்பாளர்), விங்கர் (ஓர முன்வரிசைக்காரர்) இருவரையும் சேர்த்து மாற்றக்கூடாது. விங்கர் உள்ளே வெட்டினால் ஃபுல் பேக் வெளியே ஓட வேண்டும், அவர் மேலே போனால் இவர் பின்னால் காவல் நிற்க வேண்டும். வலப்பக்கம் இருவரும் புதியவர் என்றால் இடப்பக்கம் பழைய ஜோடியை அப்படியே விடுவது நல்லது. இடதுகால் சென்டர் பேக்குக்குப் பதில் வலதுகால்காரர் வந்தால் இன்னொரு சிக்கல் முளைக்கும். பந்தை இடப்பக்கம் திருப்பக் கூடுதலாக ஒரு தொடுதல் தேவைப்படும், அதற்குள் எதிராளி நெருங்கிவிடுவார்.

ஸ்ட்ரைக்கர், இரண்டாம் ஸ்ட்ரைக்கர், எதிர்ப்பக்க விங்கர் ஆகிய இடங்களில் தைரியமாக மாற்றலாம். அங்கே தவறு நடந்தால் ஒரு வாய்ப்பு வீணாகும், அவ்வளவுதான். பின்னால் தவறு நடந்தால் கோல் வாங்குவீர்கள்.

கார்னரையும் மறக்கவேண்டாம். யார் முன் கம்பத்தருகே நிற்பது, யார் எதிரணியின் உயரமானவரைப் பிடிப்பது என்ற பட்டியல் உடைமாற்றும் அறைச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கும். எட்டுப் பேர் மாறினால் எட்டு வேலைகளும் கைமாறும். கீழ் டிவிஷன் அணிகள் இதைத்தான் குறிவைக்கும். நீளமான த்ரோ இன், உயரப் பந்து, அதிலிருந்து தெறிக்கும் இரண்டாவது பந்து. ஓய்வு கொடுக்கப்பட்ட பெரிய ஆட்களுக்குப் பதிலாகத் துடிப்பான சிறிய உருவ இளைஞர்கள் இறங்கும்போது அந்த இரண்டாவது பந்தைத்தான் முதலில் இழப்பார்கள்.

இதற்கெல்லாம் அடிப்படைக் காரணம் பயிற்சி நேரம். மூன்று நாளுக்கு ஒரு ஆட்டம் என்றால் ஆட்டத்துக்கு மறுநாள் முழுநேரம் ஆடியவர்கள் சைக்கிள், நீச்சல்குளம், மசாஜ் என்று உடம்பைத் தேற்றுவார்கள். அன்றைக்கு ஆடாதவர்கள் தனியாகப் பயிற்சி எடுப்பார்கள். எல்லோரும் சேர்ந்து அணியாக நிற்பது அடுத்த ஆட்டத்துக்கு முந்தைய நாள் மட்டும்தான், அதுவும் நடந்து பார்த்து இடம் பிடிக்கும் வேகத்தில். அதாவது கோப்பை ஆட்டத்தில் நீங்கள் பார்க்கும் அந்தப் பதினோரு பேர் முழு வேகத்தில் சேர்ந்து ஆடுவது பெரும்பாலும் அதுவே முதல் முறை. சேர்ந்து பழக வாய்ப்பில்லாத ஒரு கூட்டத்தைப் பார்த்து “இவர்களுக்குத் தகுதி இல்லை” என்று சொல்வது நியாயமில்லை.

பெஞ்சையும் கவனியுங்கள். எஃப்.ஏ. கோப்பையில் 9 பேரைப் பெஞ்சில் வைத்து 5 பேரை இறக்கலாம். ஆட்டம் டிராவில் நின்று கூடுதல் நேரத்துக்குப் போனால் இன்னும் ஒருவரை இறக்கலாம். நல்ல மேனேஜர் மூன்று முக்கிய ஆட்டக்காரர்களைப் பெஞ்சில் வைத்து 60ஆவது நிமிடத்துக்கு மேல் இருவரை இறக்குவார். லீக் கோப்பையில் இது எளிது, ஏனென்றால் 2018–19 முதல் ஆரம்பச் சுற்றுகளில் கூடுதல் நேரம் கிடையாது. 90 நிமிடம் முடிந்ததும் நேராகப் பெனால்டி. எஃப்.ஏ. கோப்பையில் கணக்கு மாறும். 2024–25 முதல், பிரதான முதல் சுற்றிலிருந்தே மறு ஆட்டம் நீக்கப்பட்டுவிட்டது, டிரா ஆனால் அன்றைக்கே 120 நிமிடம். 60ஆவது நிமிடத்தில் ‘கொஞ்ச நேரம்’ என்று இறங்கியவர் கடைசியில் 60 நிமிடம் ஆடியிருப்பார். ஓய்வு கொடுத்த நோக்கமே அங்கே போய்விடும்.

டொராண்டோவிலிருந்து ஒரு வாசகர்: முழு அணி இறங்கினால் மட்டும் ஜெயித்துவிடுவார்களா?

இல்லை. 2012 டிசம்பரில் லீக் கோப்பையில் ஆர்சனல் முக்கிய ஆட்டக்காரர்களோடுதான் பிராட்ஃபோர்டுக்குப் போனது. நான்காம் டிவிஷனில் இருந்த பிராட்ஃபோர்டு பெனால்டியில் வென்று, இறுதி ஆட்டம் வரை போனது. அங்கே ஸ்வான்சியிடம் 5–0 என்று தோற்றது.

ஸ்கார்பரோவிலிருந்து ஒரு வாசகர்: ஒரு பெரிய கிளப் எல்லாவற்றிலும் கடைசி வரை போனால் மொத்தம் எத்தனை ஆட்டம்?

லீக் 38. மூன்றாம் சுற்றில் நுழைந்து இறுதி வரை போனால் எஃப்.ஏ. கோப்பையில் 6. லீக் கோப்பையில் மூன்றாம் சுற்றிலிருந்து 6, அதில் அரையிறுதி மட்டும் இரண்டு ஆட்டம். 2024–25இல் மாற்றப்பட்ட சாம்பியன்ஸ் லீக்கில் முதல் கட்டம் மட்டும் 8. அதில் முதல் எட்டு இடத்துக்குள் வந்தால் மேலும் 7, வராவிட்டால் பிளே ஆஃப் சேர்த்து 9. ஆக 65 அல்லது 67. தேசிய அணி ஆட்டங்களை இதில் சேர்க்கவில்லை.

சென்னை, பெரம்பூரிலிருந்து ஒரு வாசகர்: கோப்பைக்கென்று தனி கோல்கீப்பர் வைப்பது எதற்கு? இறுதி ஆட்டத்திலாவது முதல் கீப்பரை நிறுத்த வேண்டாமா?

கோல்கீப்பர் ஓடிக் களைத்துப்போவதில்லை, அதனால் இது ஓய்வுக்காகச் செய்யும் மாற்றமே இல்லை. இரண்டாவது கீப்பர் வாரம் முழுக்க மழையிலும் குளிரிலும் பந்து பிடித்துவிட்டுச் சனிக்கிழமை பெஞ்சில் உட்காருகிறவர். அவருக்கு ஆட்டப் பழக்கம் விட்டுப்போனால், முதல் கீப்பர் காயப்படும் நாளில் அணிக்கே ஆபத்து. கோப்பை ஆட்டங்களை அவருக்கென்று ஒதுக்குவது இதற்காகத்தான். சொன்ன வார்த்தையை இறுதி ஆட்டத்தில் மாற்றினால், உடைமாற்றும் அறையில் அடுத்த வருடம் யாரும் அந்த மேனேஜரை நம்பமாட்டார்கள்.

2016 பிப்ரவரி இதற்கு நல்ல பாடம். அந்த மாதம் 21ஆம் தேதி எஃப்.ஏ. கோப்பையில் செல்சி மைதானத்துக்குப் போன மான்செஸ்டர் சிட்டி, மூன்றே நாளில் உக்ரைனில் டைனமோ கீவுடன் சாம்பியன்ஸ் லீக் ஆட்டம் இருந்ததால் ஐந்து பேரை முதன்முறையாக ஆரம்பப் பதினோரு பேரில் இறக்கியது. அந்த ஐவரில் ஒருவரான ஃபௌபாலா ஒரு கோல் அடித்தார், ஆனாலும் 5–1 என்று தோல்வி. கோலில் நின்றவர் இரண்டாம் கீப்பர் கபயேரோ. 24ஆம் தேதி கீவில் 3–1 என்று சிட்டி வென்றது. 28ஆம் தேதி லிவர்பூலுடன் லீக் கோப்பை இறுதி. ஒரு வாரத்துக்கு முன் ஐந்து கோல் வாங்கியவரையா நிறுத்துவது, ஜோ ஹார்ட் இருக்கிறாரே என்று பலரும் கேட்டார்கள். மேனேஜர் பெல்லெகிரினி தன் முடிவை மாற்றவில்லை. ஆட்டம் 1–1 என்று பெனால்டிக்குப் போனது. கபயேரோ மூன்று பெனால்டிகளைத் தடுத்தார், கோப்பை சிட்டிக்கு.

எதிர்மாறான உதாரணமும் உண்டு. 2022 லீக் கோப்பை இறுதியில் செல்சி, பெனால்டிக்காகவே கடைசி நிமிடத்தில் கீப்பர் மெண்டியை எடுத்துவிட்டுக் கெப்பாவை நிறுத்தியது. லிவர்பூல் தன் கோப்பைக் கீப்பர் கெல்லெஹரையே ஆரம்பம் முதல் வைத்திருந்தது. இரு பக்கமும் வரிசையாக அடித்துக்கொண்டே போக, கெல்லெஹர் தானே வந்து பெனால்டி அடித்தார். கெப்பா அடித்த பந்து கம்பத்துக்கு மேலே பறந்தது. 11–10 என்று லிவர்பூல் வென்றது.

கொழும்பிலிருந்து ஒரு வாசகர்: பலவீனமான அணியை இறக்கினால் தண்டனை உண்டா?

லீக் ஆட்டங்களில் நடந்திருக்கிறது. 2009 டிசம்பரில் ஓல்டு டிராஃபோர்டுக்குப் பத்து மாற்றங்களோடு போன வுல்வ்ஸுக்கு 25,000 பவுண்டு அபராதம், அது நிறுத்திவைக்கப்பட்டது. 2010 நவம்பரில் ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராகப் பத்துப் பேரை மாற்றிய பிளாக்பூலுக்கு அதே 25,000 பவுண்டு, அதைக் கட்டவே வேண்டியிருந்தது. அந்த ஆட்டத்தில் பிளாக்பூல் 3–2 என்றுதான் தோற்றது. பலவீனமான அணி என்று எப்படிச் சொல்வது என்று மேனேஜர் ஹாலோவே கொதித்தது நியாயம் என்றே தோன்றுகிறது.

கீழ் டிவிஷன் கிளப்புகளுக்கான இ.எஃப்.எல். டிராஃபியில், 2016இல் முதல் பதினோரு பேரில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் முதன்மை ஆட்டக்காரர்கள் இருந்தாக வேண்டும் என்று விதி இருந்தது. ஏற்கனவே அடுத்த சுற்றுக்குத் தகுதி பெற்றிருந்த பிராட்ஃபோர்டு, கோல்கீப்பர் டாயிலை அந்தக் கணக்குக்காக இறக்கி மூன்றாவது நிமிடத்திலேயே வெளியே எடுத்துவிட்டது. எண்ணிக்கையை மட்டும் எழுதிவைக்கும் விதி இப்படித்தான் முடியும்.

யாரை இறக்குகிறோம் என்பதைவிட அவர் பதிவாகியிருக்கிறாரா என்பதுதான் கிளப் அலுவலகத்தின் கவலை. 2025 ஆகஸ்ட் 27ஆம் தேதி லீக் கோப்பையில் மான்செஸ்டர் யுனைடெட்டைப் பெனால்டியில் 12–11 என்று வீழ்த்திய கிரிம்ஸ்பி, 73ஆவது நிமிடத்தில் இறக்கிய ஒரு ஆட்டக்காரரின் பதிவு நண்பகல் கெடுவுக்கு ஒரே ஒரு நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்திருந்தது. 20,000 பவுண்டு அபராதம், அதில் பாதி நிறுத்திவைப்பு. வெற்றி பறிபோகவில்லை என்பதில் நடுநிலை ரசிகர்களுக்கும் நிம்மதி.

ஈஸ்ட்ஹாமிலிருந்து ஒரு வாசகர்: இரண்டாம் தர அணியைப் பார்க்க எதற்குப் பணம் கொடுக்க வேண்டும்? இனி கோப்பை ஆட்டங்களுக்குப் போவதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன்.

முழு விலை கேட்டால் போகாதீர்கள், அதில் உங்கள் பக்கம்தான் நாங்கள். ஆனால் ஆரம்பச் சுற்றுகளில் பெரும்பாலான பெரிய கிளப்புகள் லீக் ஆட்டத்தைவிடக் குறைவாகத்தான் விற்கின்றன.

உங்கள் டிக்கெட் பணம் எங்கே போகிறது என்று பார்த்தால் மனம் மாறலாம். எஃப்.ஏ. கோப்பையில் வரியும் செலவும் போக மிஞ்சும் வசூலில் உள்ளூர் கிளப்புக்கு 45 சதவீதம், வந்த கிளப்புக்கு 45 சதவீதம், 10 சதவீதம் பொது நிதிக்கு. லீக் ஆட்டத்தில் இப்படிப் பங்கு கிடையாது. 40,000 பேர் சராசரியாக 20 பவுண்டு கொடுத்தால் 8 லட்சம் பவுண்டு. கழிவுகளுக்குப் பிறகும் நான்காம் டிவிஷன் கிளப் ஒன்றுக்கு அது ஒரு சீசனின் ஓட்டையை அடைக்கும் தொகை. நீங்கள் காலியாக விட்ட இருக்கையில் கிட்டத்தட்டப் பாதி அந்தச் சின்னக் கிளப்புடையது.

ஆட்டமும் சப்பென்று இருக்காது. 2020 பிப்ரவரியில் ஷ்ரூஸ்பரியுடன் மறு ஆட்டத்துக்கு லிவர்பூலின் முதல் அணி வரவில்லை, மேனேஜர் கிளாப்பும் வரவில்லை. டிக்கெட் விலையைக் குறைத்தார்கள். அந்தக் கிளப்பின் வரலாற்றிலேயே மிக இளைய அணி, சராசரி 19 வயதைக் கொஞ்சம் தாண்டியது, 1–0 என்று வென்றதை 50,000க்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். நான்கு வருடம் கழித்து 2024 லீக் கோப்பை இறுதியில், காயங்களால் ஆள் இல்லாமல் டான்ஸ், கிளார்க், மெக்கானல் என்ற பையன்களை இறக்கி, 118ஆவது நிமிடத்தில் வான் டைக் தலையால் அடித்த கோலில் செல்சியை அதே கிளப் வென்றது. சின்ன ஆட்டங்களில் இளைஞர்களை இறக்கும் பழக்கம் இருந்த கிளப்பால்தான் பெரிய நாளில் அப்படித் துணிய முடிந்தது.

அடுத்த முறை போனால் ஆட்டம் முடிந்ததும் பத்து நிமிடம் இருக்கையிலேயே இருந்து பாருங்கள். இறங்காத, அல்லது கடைசியில் பத்து நிமிடம் மட்டும் ஆடிய ஆட்டக்காரர்கள், பாதி காலியான மைதானத்தில் உடற்பயிற்சியாளரோடு ஒரு பெட்டியிலிருந்து மறு பெட்டிக்கு ஓடிக்கொண்டிருப்பார்கள். ஆட்டத்தில் கிடைக்காத வேக ஓட்டத்தை அன்றைக்கே ஈடுகட்டாவிட்டால், பத்து நாள் கழித்து முழு ஆட்டம் கிடைக்கும்போது தசை தாங்காது. பெஞ்சில் இருப்பவரின் வேலை என்ன என்பது அந்தப் பத்து நிமிடத்தில் தெரியும்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகர்: ஜனவரி முதல் வாரம் 11 வயது மகனோடு லண்டன் வருகிறேன். ஒரு ஆட்டம் பார்க்க வேண்டும். எப்படி?

சரியான நேரம். எஃப்.ஏ. கோப்பையின் மூன்றாம் சுற்று ஜனவரியின் முதல் அல்லது இரண்டாம் வார இறுதியில் வரும். பிரீமியர் லீக், சாம்பியன்ஷிப் கிளப்புகள் அப்போதுதான் நுழையும், 64 அணிகள், 32 ஆட்டம். அதில் சில லண்டனில் நிச்சயம் இருக்கும். சீட்டுக் குலுக்கல் டிசம்பரில் நடக்கும். அதற்குப் பிறகுதான் எது எங்கே, டிவிக்காக எந்த நாள், எந்த நேரம் என்பது தெரியும். விமானத்தை முன்பே போட்டுவிடுங்கள், குறிப்பிட்ட ஒரு ஆட்டத்தை மனதில் வைத்துப் போடாதீர்கள்.

லீக் ஆட்டங்களில் சீசன் டிக்கெட்காரர்கள் மைதானத்தை நிரப்பிவிடுவார்கள். கோப்பை ஆட்டம் பெரும்பாலும் அந்த சீசன் டிக்கெட்டில் அடங்காது. அவர்கள் தங்கள் இருக்கையை ஒரு கெடுவுக்குள் வாங்க வேண்டும், வாங்காதவை உறுப்பினர்களுக்கு வரும், பிறகு பொது விற்பனை. பெரிய கிளப் என்றால் இப்போதே உங்களுக்கும் மகனுக்கும் தனித்தனியாக உறுப்பினர் எண் வாங்குங்கள். இரண்டையும் விற்பனை நாளுக்கு முன்பே இணையக் கணக்கில் ஒன்றோடொன்று இணைத்துவிட வேண்டும். வரிசையில் காத்திருந்து பக்கம் திறந்தபின் இணைக்கப் போனால் இருக்கை போய்விடும். பலர் தவறுவது இங்கேதான். வரிசைப் பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்யவும் வேண்டாம்.

டிக்கெட் பெரும்பாலும் போனில்தான் வரும். நுழைவாயில் கருவியில் போனைக் காட்டினால் கதவு சுழலும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள், பல மைதானங்களில் அது வேலை செய்யாது. கிளம்புமுன் ஹோட்டல் வைஃபையிலேயே போன் வாலட்டில் ஏற்றிவிடுங்கள், சார்ஜ் பார்த்துக்கொள்ளுங்கள். பையின் அளவு ஏ4 தாளுக்கு மேல் இருந்தால் பல இடங்களில் உள்ளே விடமாட்டார்கள். கோலுக்குப் பின்னால் உள்ள பகுதிகளில் ஆட்டம் முழுக்க நின்றுகொண்டே இருப்பார்கள், பையனால் ஒன்றும் பார்க்க முடியாது. குடும்பங்களுக்கான ஸ்டாண்டு என்று கேட்டு வாங்குங்கள். மூன்று மணி ஆட்டத்தில் இடைவேளைக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். குளிர் காலிலிருந்துதான் ஏறும், இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை போட்டுவிடுங்கள்.

பெரிய மைதானம்தான் வேண்டும் என்று பிடிவாதம் இல்லையென்றால் லேட்டன் ஓரியண்ட், ஏ.எஃப்.சி. விம்பிள்டன் இரண்டையும் பாருங்கள். இரண்டிலும் 9,000 பேர் அளவில்தான் கொள்ளும், ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் கத்திக் கூப்பிடுவது காதில் விழும். லேட்டன் ஸ்டேஷனிலிருந்து ஓரியண்ட் மைதானத்துக்கு நடந்தே போகலாம். 2025 பிப்ரவரியில் அங்கே மான்செஸ்டர் சிட்டி 2–1 என்றுதான் தப்பித்தது. விம்பிள்டனின் பிளவ் லேன் மைதானத்துக்கு டூட்டிங்கில் தோசை சாப்பிட்டுவிட்டு நடந்தே போய்ச் சேரலாம்.

யாராவது மைதான வாசலில் டிக்கெட் விற்றால் வாங்காதீர்கள். இங்கிலாந்தில் கால்பந்து டிக்கெட்டை அனுமதியின்றி மறுவிற்பனை செய்வது 1994 முதல் குற்றம். கிளப்பின் சொந்த மறுவிற்பனைப் பக்கம் மட்டும்தான் வழி.

ரேனர்ஸ் லேனிலிருந்து ஒரு வாசகர்: வெளியூர்க் கோப்பை ஆட்டங்களுக்குத் தவறாமல் போகிறவன். ரயில் செலவு கையைக் கடிக்கிறது. ஏதாவது வழி?

டிவி அறிவிப்பு வரும்வரை குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும் செல்லும் மலிவு டிக்கெட்டை வாங்காதீர்கள். சனி மூன்று மணி ஆட்டம் ஞாயிறு மாலைக்கோ திங்கள் இரவுக்கோ நகரும். வாங்கியே ஆக வேண்டுமென்றால் போகும் பயணத்துக்கு மட்டும் வாங்கித் திரும்புவதை விட்டுவையுங்கள்.

இரவு எட்டு மணி ஆட்டம் 90 நிமிடத்தில் முடிந்தால் பத்து மணிக்குள் வெளியே வருவீர்கள். லீக் கோப்பையில் பெனால்டி சேர்ந்தால் பத்தேகால். எஃப்.ஏ. கோப்பையில் கூடுதல் நேரமும் பெனால்டியும் சேர்ந்தால் பத்தே முக்காலைத் தாண்டும். மைதானத்திலிருந்து ஸ்டேஷனுக்குக் கூட்டத்தோடு போக 40 நிமிடம் வையுங்கள். கடைசி ரயில் 11.30க்கு முன் என்றால் ரசிகர் சங்கப் பேருந்தில் போவது உத்தமம். பேருந்து ஆட்டம் முடியும்வரை காத்திருக்கும், ரயில் காத்திருக்காது.

இடமே மாறுவதும் உண்டு. 2024 செப்டம்பரில் விம்பிள்டன் – நியூகாசில் லீக் கோப்பை ஆட்டம் பிளவ் லேனில் நடக்க வேண்டியது. வெள்ளத்தில் மைதானத்தில் பெரிய பள்ளம் விழுந்தது. ஆட்டம் நியூகாசிலுக்கே மாற்றப்பட்டு, அக்டோபர் 1ஆம் தேதி நடந்தது, 1–0 என்று நியூகாசில் வென்றது. ஒரு பெனால்டியில் தப்பிய அதே நியூகாசில்தான் அந்த வருடக் கோப்பையையும் வென்றது, 1955க்குப் பிறகு உள்நாட்டில் அதன் முதல் பெரிய கோப்பை. ஆட்டம் மாறினால் டிக்கெட் பணம் திரும்பி வரும், ரயில் பணத்துக்குக் கிளப் பொறுப்பேற்காது. அரையிறுதிக்கு வெம்ப்ளி போகும் வடக்கத்தி ரசிகர்கள் தண்டவாளப் பராமரிப்பு அறிவிப்பையும் பார்க்க வேண்டும். 2022 ஏப்ரலில் லிவர்பூல் – சிட்டி அரையிறுதி அன்று இரண்டு நகரங்களிலிருந்தும் லண்டனுக்கு நேரடி ரயிலே இல்லாமல், கால்பந்துச் சங்கம் 100 இலவசப் பேருந்து விட வேண்டியிருந்தது.

உங்களுக்குச் சாதகமான ஒன்று: பிரீமியர் லீக் ஆட்டத்தில் வெளியூர் ரசிகர்களுக்கு 3,000 இருக்கை அல்லது 10 சதவீதம், எது குறைவோ அது. எஃப்.ஏ. கோப்பையில் 15 சதவீதம் வரை கேட்டு வாங்கலாம். பெரிய மைதானம் என்றால் 6,000க்கு மேல் போகும். முன்பு டிக்கெட் வாங்கியதற்குக் கிளப் தரும் புள்ளிகள் போதாமல் லீக்கில் டிக்கெட் கிடைக்காதவர்களுக்கும் அன்றைக்குக் கிடைக்கும். ஆனால் லீக் ஆட்டங்களில் வெளியூர் டிக்கெட்டுக்கு உள்ள 30 பவுண்டு உச்சவரம்பு கோப்பைக்குப் பொருந்தாது. விலையை இரு கிளப்பும் பேசி முடிவு செய்யும், வாங்குமுன் பாருங்கள்.

நியூமால்டனிலிருந்து ஒரு வாசகர்: தானாகக் கோப்பை டிக்கெட் வாங்கித் தரும் திட்டத்தில் சேரலாமா?

எல்லாச் சுற்றுக்கும் போகிறவர் என்றால் சேருங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் உங்கள் கார்டிலிருந்து தானாகப் பணம் எடுத்து உங்கள் இருக்கையை வைத்துக்கொள்வார்கள். கார்டின் காலாவதித் தேதியை டிசம்பரிலேயே பாருங்கள். பணம் எடுக்க முடியாமல் போனால் இருக்கை பொது விற்பனைக்குப் போய்விடும். உங்கள் இருக்கை வெளியூர் ரசிகர் பகுதியை ஒட்டி இருந்தால், 15 சதவீதம் ஒதுக்கும் நாளில் வேறு ஸ்டாண்டுக்கு மாற்றுவார்கள். அந்த மின்னஞ்சல் ஸ்பாம் பெட்டியில் விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

லெஸ்டரிலிருந்து ஒரு வாசகர்: உள்ளூர் ஸ்டாண்டில் எங்கள் அணி ஜெர்சியோடு உட்காரலாமா?

கூடாது. கோட்டுக்குள் மறைத்துப் போட்டாலும், கோல் விழும்போது எழுந்து கத்தினால் ஊழியர்கள் வெளியே அனுப்பிவிடுவார்கள், பணமும் திரும்ப வராது.